ஆய்வுக் கட்டுரைப் படங்களில் நிறுவன இலச்சினைகள்: முதன்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வேட்டையோ முதல் ஆய்விதழ்க் கட்டுரையையோ எழுத உட்காரும்போது, அவர்கள் வரையும் முதல் படம் பெரும்பாலும் ஒரு விநியோகச் சங்கிலியாகவே இருக்கும். இடப்பக்கம் பால்மரம் எனும் ரப்பர் மரம், அடுத்து ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பான ரிஸ்டாவின் சின்னம், நடுவில் ரப்பர் பால் ஏற்றிச் செல்லும் லோரி, வலப்பக்கக் கோடியில் மூன்று கையுறை நிறுவனங்களின் இலச்சினைகள் என்று எல்லாமே இணையத்தில் தேடி எடுத்து ஒட்டப்பட்டிருக்கும். வகுப்பில் ஒப்படைக்கும் இடுபணியில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே படம் ஆய்விதழுக்குப் போனதும், படத்திலுள்ள பிறர் உரிமைப் பொருள்களுக்கு அனுமதிக் கடிதம் எங்கே என்று பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிடுகிறது. அந்த மின்னஞ்சல் வராமல் இருக்கவும், வந்தால் கையில் பதில் இருக்கவும் செய்ய வேண்டியவற்றைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இலச்சினை அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

படத்திலிருந்து இலச்சினையை எடுத்துவிட்டு நிறுவனத்தின் பெயரை எழுத்தில் போட்டால் வாசகருக்கு எந்தத் தகவல் குறைகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது படங்களில் எதுவும் குறையாது என்பது என் கணிப்பு. பல நேரங்களில் நிறுவனத்தின் பெயர்கூடத் தேவைப்படாது. "கையுறை உற்பத்தியாளர்" என்ற பொதுப்பெயரே ஆய்வு சொல்ல வருவதைச் சரியாகச் சொல்லிவிடும். ஏனெனில் அந்தக் கட்டம் ஒரு வகையைக் குறிக்கிறதே தவிர ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தைக் குறிப்பதில்லை. மூன்று இலச்சினைகளை அங்கே வைத்தால், அம்மூன்று நிறுவனங்களும் ஆய்வுக்கு உட்பட்டவை என்றோ, ஆய்வுக்கு உதவியவை என்றோ வாசகர் எண்ணிக்கொள்ள இடமுண்டு.

அச்சளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். எல்செவியர் பதிப்பகத்தில் ஒற்றைப் பத்திப் படத்தின் அகலம் 90 மில்லிமீட்டர். சிறுதோட்டக்காரர், பால் வாங்கும் வியாபாரி, பதனிடும் ஆலை, கையுறைத் தொழிற்சாலை, ஏற்றுமதியாளர் என்று ஐந்து கட்டங்கள், அவற்றுக்கிடையே தலா 6 மில்லிமீட்டரில் நான்கு அம்புக்குறிகள் என்று வைத்தால், ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். அதற்குள் மூன்று இலச்சினைகளை அடைத்தால் ஒவ்வொன்றும் நகக்கண் அளவுக்குச் சுருங்கி, அடியில் இருக்கும் எழுத்து வெறும் கோடாகிவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இலச்சினைக்குக் குறைந்தபட்ச அளவையும், சுற்றிலும் விட வேண்டிய வெற்றிடத்தையும் வரையறுத்து வைத்திருக்கின்றன. இந்தக் கட்டத்துக்குள் அவ்விரண்டையும் காப்பாற்றவே முடியாது. கறுப்பு வெள்ளையில் அச்செடுக்கும் வாசகருக்கு நிறத்தை வைத்து அடையாளம் காணும் வழியும் இல்லை. அதே கட்டத்தில் தெளிவான எழுத்தில் இரண்டு சொற்களை எழுதினால் எல்லோராலும் படிக்க முடியும், கண்பார்வையற்றோருக்கான வாசிப்பு மென்பொருளும் படித்துச் சொல்லும்.

இலச்சினைதான் ஆய்வுப்பொருள் என்றால் கதை வேறு. தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் துரித உணவு நிறுவனங்களின் இலச்சினைகளை எந்த அளவுக்கு அடையாளம் காண்கிறார்கள் என்று ஒருவர் ஆராய்ந்தால், அந்த இலச்சினைகள் அவருடைய தரவு. அவற்றைக் காட்டாமல் ஆய்வை விளக்க இயலாது. ஒரு சத்துமாவு டின்னின் வடிவமைப்பு காலப்போக்கில் எப்படி மாறியது என்று எழுதுபவருக்கும் இதுவே பொருந்தும். உங்கள் ஆய்வு இவ்வகையாக இல்லாவிட்டால், இங்கேயே இலச்சினையை நீக்கிவிட்டு, புகைப்படங்களைப் பற்றிய பகுதிக்கு நேராகச் சென்றுவிடலாம்.

இரண்டாம் படி: எந்த வகைச் சின்னம் என்று பிரித்தறியுங்கள்

தனியார் நிறுவனத்தின் இலச்சினை ஒரு வகை. அதைப்போலவே தோன்றினாலும் சட்டத்தில் வேறு இடத்தில் நிற்கும் சின்னங்கள் சில உண்டு. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அரசுச் சின்னங்களுக்கு, குறிப்பாக நாட்டின் தேசியச் சின்னமான ஜாத்தா நெகாராவுக்கு, 1963ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் முறையற்ற பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அமைச்சையோ அரசு நிறுவனத்தையோ வரைபடத்தில் காட்ட அதன் பெயரை எழுதினாலே போதும். சான்றிதழ் முத்திரைகள் இன்னும் கவனத்துக்குரியவை. இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் வழங்கும் ஹலால் முத்திரை, செம்பனைத் துறையின் மலேசியச் சான்றான எம்எஸ்பிஓ முத்திரை, அதே துறைக்காக உலக அளவில் 2004இல் தொடங்கப்பட்ட ஆர்எஸ்பிஓ அமைப்பின் முத்திரை ஆகியவை ஒரு பொருளோ ஆலையோ சோதிக்கப்பட்டுத் தேறியதற்கு அடையாளம். உங்கள் வரைபடத்தில் ஓர் ஆலையின் பக்கத்தில் அம்முத்திரையை அலங்காரமாக வைத்தால், அந்த ஆலை சான்றிதழ் பெற்றது என்ற செய்தியை நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். சான்றிதழ் உள்ளதா இல்லையா என்பதை அட்டவணையில் "உண்டு", "இல்லை" என்று எழுதுவதே நேர்மையான முறை.

மருத்துவம், தாதிமை படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவமனையையோ தோட்ட மருந்தகத்தையோ குறிக்க வெள்ளைப் பின்னணியில் செஞ்சிலுவை போடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. செஞ்சிலுவையும் செம்பிறையும் ஜெனீவா ஒப்பந்தங்களால் காக்கப்படும் சின்னங்கள். மலேசியாவிலும் 1962ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் அவற்றைக் காக்கிறது. அவை பொதுவான மருத்துவக் குறிகள் அல்ல. பச்சைச் சிலுவையையோ, ஒரு கட்டடத்தையோ, ஒரு படுக்கையையோ வரைந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சட்டம் இரண்டு கயிறுகளாக இருப்பதை அறிந்துகொள்ளுங்கள்

ஓர் இலச்சினையின் மேல் பதிப்புரிமை, வணிகமுத்திரை உரிமை என்று இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கலாம். ஒன்றிலிருந்து விடுபட்டால் மற்றதிலிருந்தும் விடுபட்டதாக ஆகாது.

வணிகமுத்திரை உரிமையைப் பொறுத்தவரை, மலேசியாவில் இப்போது நடப்பில் இருப்பது 27 டிசம்பர் 2019 முதல் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டின் வணிகமுத்திரைகள் சட்டம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டும் பழைய கையேடுகளை நம்ப வேண்டாம். வணிக நடவடிக்கையின் போக்கில், வாங்குபவர் குழம்பும்படி ஒருவர் மற்றவர் முத்திரையைப் பயன்படுத்துவதைத்தான் இச்சட்டம் முதன்மையாகத் தடுக்கிறது. ரப்பர் விலை ஏற்ற இறக்கம் பற்றிய ஆய்வேட்டில் ஒரு நிறுவனத்தைச் சுட்டிக்காட்டுவது அந்த வகையைச் சேர்ந்ததன்று; எனவே இந்தப் பக்கத்தில் பயப்பட அதிகமில்லை. ஆனால் கட்டுரைக்கு அந்த நிறுவனம் ஒப்புதல் தந்தது போன்ற தோற்றம் எழுந்துவிடக் கூடாது. முகப்புப் படத்திலும், கட்டுரையின் சாரத்தைக் காட்டும் சுருக்கப் படத்திலும், மாநாட்டுச் சுவரொட்டியின் மேல் விளிம்பிலும் இலச்சினை வைப்பதைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். சுவரொட்டியின் அந்த இடத்தில் எதைப் பார்த்தாலும் அது நிதி கொடுத்தவரின் இலச்சினை என்றே பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பதிப்புரிமைக்கு 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் 13(2)(அ) பிரிவு, ஆராய்ச்சி, சொந்தப் படிப்பு, விமர்சனம், மதிப்புரை, செய்தி போன்ற நோக்கங்களுக்கு நியாயமான முறையில் பிறர் படைப்பைக் கையாளலாம் என்கிறது. படைப்பின் பெயரையும் படைத்தவரையும் குறிப்பிட வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. எது நியாயம் என்று தீர்மானிக்கப் பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்தாண்ட அளவு, படைப்பின் சந்தை மதிப்பில் ஏற்படும் விளைவு ஆகிய நான்கும் பார்க்கப்படும். வெறும் எழுத்துகளால் ஆன எளிய இலச்சினைக்குப் பதிப்புரிமையே இல்லாமலும் போகலாம். விக்கிமீடியா காமன்ஸில் பல இலச்சினைகள் பொதுவுடைமை என்ற குறிப்போடு கிடைப்பதற்கு அதுதான் காரணம். அதே பக்கத்தில் வணிகமுத்திரை எச்சரிக்கையும் இருக்கும், அதையும் படியுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, சட்டம் அனுமதிக்கிறதே, பிறகென்ன என்று கேட்கத் தோன்றும். உங்கள் ஆய்வேட்டுக்கு அந்த வாதம் பெரும்பாலும் போதும். ஆய்விதழுக்குப் போதாது. நெதர்லாந்திலோ பிரிட்டனிலோ இருக்கும் பதிப்பகம் மலேசியச் சட்டத்தின் விலக்கை நம்பி உலகம் முழுவதும் வெளியிட முன்வராது; நியாயமான கையாளுதல் என்று நீங்கள் எவ்வளவு வாதிட்டாலும், எழுத்தில் அனுமதி கேட்கும் உரிமை அதற்கு உண்டு. நடைமுறையில் கட்டுரையை நிறுத்தி வைப்பது சட்டமன்று, பதிப்பகத்தின் விதிதான்.

நான்காம் படி: ஆய்விதழின் உரிமத்தை முன்கூட்டியே படியுங்கள்

யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க ஆய்விதழ்களில் பல, கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பிஒய் 4.0 உரிமத்தில் கட்டுரைகளை வெளியிடுகின்றன. அந்த உரிமத்தில் உங்கள் படத்தை யாரும் எடுத்து, மாற்றி, விற்கவும் செய்யலாம். உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும். பிறருடைய இலச்சினையை அப்படித் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. வணிகமுத்திரை உரிமைகள் இவ்வுரிமத்தின்கீழ் வழங்கப்படவில்லை என்று அந்த உரிமமே சொல்கிறது. ஸ்பிரிங்கர் நேச்சர் கட்டுரைகளின் இறுதியிலும், படக்குறிப்பில் வேறாகச் சொல்லப்பட்டால் தவிர, மூன்றாம் தரப்புப் பொருள்களும் இவ்வுரிமத்துக்குள் அடங்கும் என்ற வாசகம் இருக்கும். ஆகவே நீங்கள் படக்குறிப்பில் விலக்கு எழுதாமல் விட்டால், இல்லாத உரிமையை வழங்கியவர் ஆகிவிடுகிறீர்கள்.

கணினித் துறையினர் அதிகம் பயன்படுத்தும் மென்பொருள் இலச்சினைகளுக்கும் அவற்றுக்கே உரிய நிபந்தனைகள் உண்டு. ஆர் நிரல்மொழியின் இலச்சினை, மாற்றியதையும் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்லும் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் கிடைக்கிறது. லினக்ஸின் பெங்குவினான டக்ஸை 1996இல் வரைந்த லேரி யூவிங், தம் பெயரையும் கிம்ப் மென்பொருளையும் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்திருக்கிறார். சிம்பிள் ஐகான்ஸ் என்ற இலச்சினைத் தொகுப்பின் கோப்புகள் சிசி0, அதாவது பதிப்புரிமையைக் கைவிட்டவை, என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், அவற்றிலுள்ள முத்திரைகள் அந்தந்த நிறுவனங்களுக்கே சொந்தம். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதுதான் ஆய்வை மறுபடி செய்து பார்ப்பவருக்குத் தேவை. அதை இலச்சினை சொல்லாது, முறையியல் பகுதியில் எழுதும் ஒரு வாக்கியம் சொல்லும்.

ஐந்தாம் படி: அனுமதி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்

முதலில் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஊடகப் பகுதியோ இலச்சினைக் கையேடோ இருக்கிறதா என்று தேடுங்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று அங்கேயே எழுதி வைத்திருக்கின்றன. ஆய்வுக்கும் கல்விக்கும் ஏற்கெனவே அனுமதி இருந்தால், அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் யார் என்பதில் ஐயமிருந்தால், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐப்போவின் இணையத் தேடலில் பதிவான முத்திரைகளைப் பார்க்கலாம். உள்ளூர்க் கிளை ஒன்றின் பெயரில் நடக்கும் வணிகத்தின் முத்திரை வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருப்பது சாதாரணம்.

கடிதம் நிறுவனத்தின் தொடர்புத் துறைக்குப் போக வேண்டும். நம் ஊர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது: தோட்ட நிர்வாகியையோ கிராணியையோ அப்பாவுக்குத் தெரியும், புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால் "தாராளமாகப் போட்டுக்கொள் தம்பி" என்று குரல்பதிவே அனுப்பிவிடுவார். அவர் உங்களைத் தோட்டத்துக்குள் விட அனுமதிக்கலாம். நிறுவனத்தின் முத்திரையைப் பயன்படுத்த அனுமதிக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அந்தக் குரல்பதிவைப் பதிப்பகம் ஏற்கவும் மாட்டாது.

கடிதத்தில் கட்டுரைத் தலைப்பு, ஆய்விதழ், பதிப்பகம் ஆகியவற்றோடு இலச்சினை இடம்பெறும் படத்தையும் முழுமையாக இணைத்து அனுப்புங்கள். நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதும்போதும் இதே கூறுகள் வர வேண்டும்:

"இணைப்பிலுள்ள படத்தில் தங்கள் நிறுவன இலச்சினையை மாற்றம் எதுவுமின்றி, ஆய்வுக்கு உட்பட்ட நிறுவனத்தை அடையாளம் காட்டுவதற்காக மட்டும் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன். கட்டுரை அச்சிலும் மின்வடிவிலும் உலகளவில் வெளியாகும். கட்டுரை திறந்த உரிமத்தில் வெளியானாலும் இலச்சினை அவ்வுரிமத்துக்கு உட்படாது என்று படக்குறிப்பில் தெளிவாகக் குறிப்பிடுவேன். தாங்கள் விரும்பும் உரிமைக் குறிப்பு வாசகத்தைத் தெரிவித்தால் அதையே அச்சிடுவேன்."

வரைவு எழுதும்போதே கடிதத்தை அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். பதிலே வராவிட்டால் அது சம்மதம் ஆகாது. இலச்சினை இல்லாத படத்தை மாற்றாகத் தயாராக வைத்திருங்கள். உங்கள் ஆய்வு முடிவு நிறுவனத்துக்கு உவப்பானதாக இல்லாதபோது அனுமதி கிடைக்காமல் போவதும் உண்டு. அதற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை, பெயரை எழுத்தில் போட்டால் போதும். குறிப்பாக, தொழிலாளர் குடியிருப்பு நிலை, கூலிப் பிடித்தம் போன்ற குற்றச்சாட்டுச் சாயல் உள்ள படங்களில் இலச்சினையை வைக்கவே வேண்டாம் என்பேன். உங்கள் தரவு மூன்று தோட்டங்களைப் பற்றியது. இலச்சினையோ நிறுவனம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

ஆறாம் படி: சரியான கோப்பை எடுத்து, கை வைக்காமல் பயன்படுத்துங்கள்

தேடுபொறியின் பட முடிவுகளிலிருந்து எடுக்காதீர்கள். பீடோங்குக்கு அருகிலிருக்கும் ஹார்வர்ட் தோட்டத்தைப் பற்றி எழுதுபவர் அந்தப் பெயரைத் தட்டினால், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கேடயம்தான் முன்னால் வந்து நிற்கும். இது வேடிக்கையாகத் தோன்றினாலும், பழைய இலச்சினையை எடுத்துவிடுவது உண்மையிலேயே அடிக்கடி நடக்கிறது. சைம் டார்பி பிளாண்டேஷன் 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது. டுவிட்டரின் நீலப் பறவை 2023 ஜூலையில் எக்ஸ் எழுத்துக்கு இடம்விட்டது. 2022இல் சேகரித்த தரவுக்கு எந்த இலச்சினையைப் போடுவது என்ற கேள்விக்கு, தரவு சேகரித்த காலத்துப் பெயரை எழுதி, இப்போதைய பெயரைப் படக்குறிப்பில் சேர்ப்பதே தெளிவான விடை.

நிறுவனம் தரும் எஸ்விஜி அல்லது இபிஎஸ் வடிவக் கோப்பு எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் மங்காது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறக்கலாம். புள்ளிப்படமாகத்தான் கிடைக்கிறது என்றால் பதிப்பகத்தின் அளவுகோலைப் பாருங்கள். எல்செவியர் புகைப்படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகளும், எழுத்தும் படமும் கலந்ததற்கு 500உம், கோட்டோவியத்துக்கு 1000உம் கேட்கிறது. நிறத்தை மாற்றுவது, நீட்டுவது, சாய்ப்பது, இரண்டு இலச்சினைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது எதுவும் கூடாது. உங்கள் வரைபடத்தின் வண்ணத்தோடு இலச்சினை ஒத்துப்போகவில்லை என்றால் வரைபடத்தின் வண்ணத்தை மாற்றுங்கள்.

படக்குறிப்பில் மூலம், பார்த்த தேதி, உரிமையாளர், அனுமதி, உரிம விலக்கு ஆகிய ஐந்தும் இருக்கட்டும்: "படம் 2. நேர்காணலில் மாணவர்களுக்குக் காட்டப்பட்ட இலச்சினைகள். அந்தந்த நிறுவனங்களின் இணையத்தளங்களிலிருந்து 3 மார்ச் 2025 அன்று எடுக்கப்பட்டவை. இவை அந்தந்த உரிமையாளரின் வணிகமுத்திரைகள், அனுமதியுடன் பயன்படுத்தப்பட்டுள்ளன, இக்கட்டுரையின் உரிமத்துக்கு உட்பட்டவை அல்ல."

புகைப்படத்தில் தானாக வந்து விழும் இலச்சினை

ஆலை வாசலில் எடுத்த படத்தில் லோரிக் கதவில் எழுதிய நிறுவனப் பெயர், தோட்டப் பெயர்ப்பலகை, தொழிலாளியின் சட்டைப்பையில் தைத்த முத்திரை எல்லாம் சேர்ந்து வந்துவிடும். தற்செயலாகப் படத்தில் இடம்பெறும் படைப்புக்குப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. உரிமைப் பிரச்சினை இங்கே சிறியது. பெரியது ஆய்வு நெறி. நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயரை வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, கட்டுரை முழுவதும் "ஆலை அ" என்று எழுதி, ஐந்தாம் பக்கத்துப் புகைப்படத்தில் சட்டைப்பை முத்திரையைக் காட்டினால் அந்த உறுதிமொழி அங்கேயே உடைந்துவிடும். சிறிய தோட்ட ஊரில் அந்தச் சட்டையை வைத்தே ஆளையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வேர்ட் கோப்பில் படத்தின் மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தால், பெட்டியை நகர்த்தியதும் அடியிலுள்ளது தெரிந்துவிடும். வேர்டில் வெட்டிய பகுதியும் கோப்புக்குள் அப்படியே தங்கியிருக்கும். படத்தைச் சுருக்கும் வசதியில் வெட்டிய பகுதிகளை நீக்கும்படி தனியாகச் சொன்னால்தான் போகும். படத் திருத்தும் மென்பொருளில் வெட்டியோ மூடியோ புதிய கோப்பாகச் சேமித்து, இருப்பிடத் தகவலையும் நீக்கிவிட்டு, அதைக் கட்டுரையில் வையுங்கள். நிறுவன அடையாளம் மறைக்கப்பட்டுள்ளது என்று படக்குறிப்பில் எழுதுங்கள்; படத்தில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விடுவதை ஆய்விதழ்கள் ஏற்பதில்லை.

மெய்ப்பு வரும்போது

கட்டுரை ஏற்கப்பட்டபின் வரும் மெய்ப்புப் பிரதியைத் திருப்பி அனுப்பச் சில நாள்களே தருவார்கள். எழுத்துப் பிழையைத் தேடும் அவசரத்தில் படங்களை விட்டுவிடாதீர்கள். அச்சுக்கோப்பவர்கள் படத்தின் அகலத்தை மாற்றியிருந்தால் இலச்சினையும் சுருங்கியிருக்கும், நிறம் மாறியிருக்கும், நீளமான படக்குறிப்பிலிருந்து உரிம விலக்கு வாசகம் வெட்டப்பட்டிருக்கவும் கூடும். அனுமதிக் கடிதத்தில் நிறுவனம் கேட்ட வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அனுமதிக் கடிதங்கள், சேமித்த இணையப் பக்கங்கள், இலச்சினையின் மூலக் கோப்புகள் மூன்றையும் ஒரே கோப்புறையில் இட்டு, உங்கள் மேற்பார்வையாளரிடமும் ஒரு படி கொடுத்து வையுங்கள்; அடுத்த ஆண்டு அதே படத்தை மாநாட்டுக்கோ நூலுக்கோ எடுக்கும்போது அனுமதி அதற்கும் பொருந்துமா என்பதை அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.